தம்பி மகனுக்கு டெக்னிக்கல் இங்கிலீஷ்

குன்னூர்

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. பர்லியார் பக்கம் மண் சரிந்தால் பஸ் கோத்தகிரி வழியாகத்தான் சுற்றிப் போகும், உனக்குத் தெரிந்ததுதானே.

உன் தம்பி மகனுக்கு மெக்கானிக்கல் பாடமெல்லாம் புரிகிறது, இங்கிலீஷ் பேப்பர்தான் காலை வாருகிறது என்று எழுதியிருந்தாய். எந்தக் கிராமர் புத்தகம் வாங்கலாம் என்றும் கேட்டாய். இப்போதைக்கு எதையும் வாங்காதே. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் முழு மார்க் வாங்குகிற பையன்கூட, தண்ணீர் பம்பு எப்படி வேலை செய்கிறது என்று ஐந்து வரி எழுதச் சொன்னால் திணறுவான். எங்கே என்ன வேண்டும் என்பதைப் பயிற்சிப் புத்தகம் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. சொந்தமாக எழுதும்போது அந்தக் கோடு இருக்காது. அதனால் படிக்கிற பத்தியிலிருந்தே இலக்கணப் பயிற்சியை எடுக்க வேண்டும்.

பத்தி 150, 200 சொல் இருந்தால் போதும். புதுச் செல்போன், செயற்கை நுண்ணறிவு என்று பத்திரிகையில் வருவது வேண்டாம், பாதிக்கு மேல் விளம்பர நடை. அவன் கண்ணால் பார்த்த இயந்திரமாக இருக்கட்டும். இங்கே பிள்ளைகளுக்குத் தேயிலை ஃபேக்டரிதான் கை கொடுக்கிறது. கொழுந்தை டிரஃப் என்ற நீளத் தொட்டியில் பரப்பிக் காற்று ஊதி வாட்டுகிறார்கள். சி.டி.சி. (கிரஷ், டேர், கர்ல்) ரோலரில் அது நசுங்கிக் கிழிந்து சுருள்கிறது. காற்றுப் பட்டுப் பச்சை செம்பு நிறமாகிறது. டிரையரில் ஈரம் 3 சதவீதம் அளவுக்கு இறங்குகிறது. பிறகு சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். டெக்னிக்கல் இங்கிலீஷில் பாதி இலக்கணம் இந்தப் பத்திக்குள்ளேயே இருக்கிறது.

பத்தியில் உள்ள வினைச்சொற்களுக்கு எல்லாம் அடிக்கோடு போடச் சொல். பையன்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். நமக்கு உலர், உலர்த்து என்று இரண்டு வினை, உயர், உயர்த்து என்று இரண்டு வினை. ஆங்கிலத்தில் ‘ட்ரை’யும் ‘இன்க்ரீஸ்’உம் ஒரே சொல்லாக நின்று இரண்டு வேலையும் பார்க்கின்றன. அதனால்தான் ‘தி டெம்பரேச்சர் இஸ் இன்க்ரீஸ்’ என்று அந்தரத்தில் தொங்குகிற வாக்கியம் வருகிறது. ஒவ்வொரு வினைக்கும் தமிழில் ஒரு கேள்வி கேட்கப் பழக்கு: இலை தானாக உலர்ந்ததா, யாராவது உலர்த்தினார்களா? தானாக என்றால் ‘தி லீஃப் ட்ரைஸ்’. உலர்த்தினார்கள் என்றால் ‘தி லீஃப் இஸ் ட்ரைடு’. டெக்னிக்கல் இங்கிலீஷ் என்றாலே பேசிவ் வாய்ஸ் என்று வகுப்பில் சொல்லிவிடுவதால், ‘இஸ் ஹேப்பன்டு’, ‘இஸ் கன்சிஸ்டட் ஆஃப்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். இந்த இரண்டு வினைக்கும் பேசிவ் கிடையாது. அவன் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வை.

அடுத்து, பத்தியை ஃப்ளோ சார்ட்டாகப் போடட்டும், கட்டத்துக்கு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். பத்தியை மூடி வைத்துவிட்டு, சார்ட்டை மட்டும் பார்த்துத் திரும்ப எழுதி, மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். மறுநாள் அதே சார்ட்டை வேலைக் குறிப்பாக, ‘ஸ்ப்ரெட் தி லீஃப் ஈவன்லி’ என்று ஏவலில் எழுதச் சொல். இதில் ஒரு வம்பு உண்டு. மிக்ஸி, மோட்டாரோடு வரும் கையேட்டில் ‘ரிமூவ் கவர், செக் சீல்’ என்று ‘எ’, ‘தி’ இல்லாமல் சுருக்கிப் போட்டிருப்பார்கள். கையேட்டில் அது செல்லும். அதைப் பார்த்துப் பழகியவன் விளக்கக் கட்டுரையிலும் ஆர்ட்டிகிளை விழுங்கிவிடுவான், மார்க் போகும். மாற்று மருந்து, ஒரு பத்தியில் எல்லா ஆர்ட்டிகிளையும் அழித்துவிட்டு, எத்தனை அழித்தாய் என்று சொல்லாமல் கொடுப்பது. முதலில் வரும்போது ‘எ பம்ப்’, மறுபடி வரும்போது ‘தி பம்ப்’ என்பது அப்போதுதான் கைக்கு வரும். ‘எக்விப்மென்ட்’, ‘இன்ஃபர்மேஷன்’ இரண்டுக்கும் ‘எ’யும் சேராது, ‘எஸ்’உம் சேராது.

பெயர்ச்சொற்கள் வரிசைகட்டி வந்தால் பயப்படுகிறான் என்றாயே, அது நமக்குச் சுலபமான இடம். ‘லோ பிரஷர் சிலிண்டர் பிஸ்டன் ராட்’ என்றால் பொருள் கடைசியில் நிற்கும் ராட்தான். தமிழிலும் ‘பிஸ்டன் தண்டு’ என்று தண்டு கடைசியில்தானே வருகிறது. பின்னாலிருந்து முன்னால் அவிழ்த்தால் போதும். நடுவில் நிற்கும் சொல்லுக்குப் பெரும்பாலும் பன்மை ஏறாது: ‘பாய்லர் டியூப் இன்ஸ்பெக்‌ஷன்’, ‘டென் மீட்டர் பைப்’.

உண்மையில் கஷ்டம் ‘விச்’தான். அதற்கு நம் மலை ரயிலைப் பற்றிய பத்தி தோதுப்படும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி வரை ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவில் இரண்டு பல்சட்டங்கள், பற்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால் எப்போதும் ஒரு பல்லாவது எஞ்சினின் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும். நீராவி எஞ்சினில் உயர் அழுத்த சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. அங்கே வேலை முடித்த நீராவி குறைந்த அழுத்த சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இதை எழுதினால், ‘தி லோ பிரஷர் சிலிண்டர்ஸ், விச் டிரைவ் தி பினியன்ஸ், ஆர் ஃபெட் வித் எக்ஸாஸ்ட் ஸ்டீம்’ என்று வரும். ‘டிரைவ்’ வந்ததும் வாக்கியம் முடிந்ததாக நினைத்து, ‘ஆர் ஃபெட்’ எங்கிருந்து வந்தது என்று முழிப்பான். தமிழில் ‘பல்சக்கரத்தைச் சுழற்றும் சிலிண்டர்’ என்று விளக்கம் பெயருக்கு முன்னால் வந்துவிடுகிறது, ஆங்கிலத்தில் பின்னால் வருகிறது. ‘விச்’ முதல் அடுத்த கமா வரை பென்சிலால் அடைப்புக்குறி போட்டு, அதைத் தாண்டி ஒருமுறை படிக்கச் சொல், எலும்புக்கூடு தெரியும்.

‘இஃப்’ வாக்கியத்துக்கு ஒரு உதாரணம் எங்கள் மலையிலேயே இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்றுதான் எல்லாப் பயிற்சியிலும் இருக்கும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல், காற்றழுத்தம் குறைவு, அங்கே 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ‘இஃப் தி பிரஷர் ட்ராப்ஸ், தி பாய்லிங் பாயின்ட் ஃபால்ஸ்.’ இரண்டு பக்கமும் நிகழ்காலம். எப்போதும் நடப்பதைச் சொல்லும்போது ‘வில்’ வேண்டியதில்லை.

ஒரு பத்திக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்ளட்டும், ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும். அகராதியை முதல் வாசிப்பில் தொடவே கூடாது. அவன் எழுதிய ஒரு தாளைத் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பி வை, அடுத்து எந்தப் பத்தி கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராஜு