மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். தீபாவளிக்குப் பிறகு உன் குரலே கேட்கவில்லை. சூரியநெல்லி என்ன கடல் தாண்டியா இருக்கிறது? போடிமெட்டு வழியாக வந்தால் அரை நாள். சரி, அதை விடு.

மலையில் தீப்பிடித்து இன்று நான்காம் நாள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பாட்டி சொல்வாளே, இந்த மாசியில் பனியே விழவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையும் பேருக்குத்தான். மற்ற வருடங்களில் விடியற்காலை ஈரத்தில் தீ தானாகப் படுத்துவிடும். இப்போது ராத்திரி பத்து மணிக்கும் அனல்காற்று, விடிந்த பிறகும் எரிகிறது. தீத்தடுப்புக் காவலுக்குப் போன பையன்கள் பச்சைக் கிளையால் அடித்து அடித்துக் கை கொப்பளித்து வருகிறார்கள். அப்பா அந்த இருமலோடு அவர்களுக்குத் தண்ணீர் சுமக்கிறார். சொன்னால் கேட்பதில்லை, நீயும் அவர் மாதிரிதான்.

அந்தப் பக்கம் புகை வருகிறதா? கொழுக்குமலைக்கு வண்டி ஓடுகிறதா? ஓடினால் ஜீப் ரோட்டோடு இரு. சூரியோதயம் காட்டினாயா, ஆட்களைத் திரும்ப ஏற்றினாயா, அதோடு சரி. குரங்கணிப் பக்கம் புல்லுக்குள் இறங்காதே. யார் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இறங்காதே. கடையில் யாரோ ஏதோ சொன்னார்கள், நான் நம்பவில்லை.

2018 மார்ச் 11 உனக்கு மறந்திருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை போர்வையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் மேலே ஓடியவன் நீ. மலையேற வந்து தீயில் மாட்டிக்கொண்டவர்களும் கொழுக்குமலையிலிருந்து அந்தப் புல்வழியாகத்தான் இறங்கினார்கள். கடைசியில் 23 உயிர் போயிற்று. மேட்டில் தீ ஆளைவிட வேகமாக ஏறும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? அன்றைக்கு ஊரே உன்னைப் பற்றிப் பேசியது. எனக்கு இன்றும் அந்தப் பெருமை குறையவில்லை. அப்படிப்பட்டவன் அந்த வழியில் ஆட்களைக் கூட்டி வரமாட்டான் என்றுதான் கடைக்காரியிடம் சொன்னேன். இறங்காதே சாமி.

தீயைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. நீ ஐந்தாவது படிக்கும்போது சின்னையாவின் இலவந்தோப்பு எரிந்ததே, அந்தத் தீ நான் வைத்தது. காய்ந்த புல்லைக் கொளுத்தினால் கோடை மழைக்கு இளம்புல் வரும், ஆடுகள் பிழைக்கும் என்று வைத்தேன். பாய் அகலம் எரிந்ததும் அணைத்துவிடலாம் என்று நினைத்தேன். மதியக் காற்று மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டது. முப்பது மரம். காய் வெடிக்கிற நேரம், பஞ்சு பற்றிப் பற்றிப் பறந்தது. "அம்மா, உன் மடியில் தீப்பெட்டி இருந்ததே" என்று நீ கேட்டாய். அறைந்தேன். யாரோ பீடித்துண்டு போட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசியது, நானும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு நீ ஒரு நாளும் கேட்கவில்லை. நீ என்னிடம் எதையும் சொல்லாமல் இருக்கப் பழகியது அன்று நான் அறைந்ததால்தானோ என்று நான்கு ராத்திரியாகத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெரியம்மா மகனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூட இட்லிப்பொடி இருக்கிறது. சின்னையாவுக்கு இப்போது கண் தெரியவில்லை. "தீ எதுவரைக்கும் வந்திருக்கு தாயி?" என்று தினமும் என்னைத்தான் கேட்கிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ ஒரு நாள் வா. ரோட்டு வழியாக வா. நீ கூட நின்றால் சொல்லிவிடுவேன்.

அம்மா