செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 மார்ச் முதல் 2025 பிப்ரவரி வரை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அறிக்கையைத் தமிழில் எழுதினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யார் படிக்கப் போகிறார்கள் என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆங்கிலப் படி வாசல் மேசைமேல் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சங்கத்தின் குறிப்பேட்டில் ஒட்டப்போவது தமிழ்ப் படி.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒன்பது முறை கூடியது. காவடித் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றி இந்தத் துறைமுகத்துக்கு வந்த நவம்பர் 16ஆம் நாளை வழக்கம்போல் நினைவுகூர்ந்தோம். நிதிக்காக நடத்திய பிரியாணி விற்பனை புரட்டாசியில் விழுந்துவிட்டது. ஆட்டிறைச்சிக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தோம். காய்கறிப் பிரியாணியாக மாற்றி ஒருவழியாகச் சமாளித்தோம், லாபம் பாதியாகிவிட்டது. மண்டபத்தின் பின்னறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது. அதைப் பற்றிப் பொருளாளர் பேசுவார்.

இனி மாணவர் பயணம். ஜூன் கடைசியில் பல்கலைக்கழக விடுமுறை தொடங்கியதும் துபாய் வழியாகச் சென்னைக்குப் போய் மூன்று வாரம் தங்கினோம். மாணவர்கள் 11 பேர், எல்லாரும் இங்கே வரலாறு படிப்பவர்கள். அவர்களில் இருவர் ஜூலு மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள். தமிழர் அல்லாதவருக்குச் சங்கப் பணமா என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பயணத்துக்கு முன் சனிக்கிழமைதோறும் நடத்திய தமிழ் எழுத்து வகுப்புக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர்கள் அந்த இருவர் மட்டுமே. நம் வீட்டுப் பிள்ளைகளில் மூவர் நான்கு வகுப்போடு நின்றுகொண்டார்கள். அவர்களையும் அழைத்துப் போனோம். அது தவறு என்பது தஞ்சாவூரில் தெரிந்தது.

அதற்கு முன் சென்னையில் நடந்த தவறு என்னுடையது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய குடியேற்றக் கோப்புகளைப் பார்ப்பதாகத் திட்டம். முன்கூட்டியே எழுதி அனுமதி பெறவேண்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. இரண்டு நாள் வீணாயிற்று. முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில், திருவாலங்காட்டு நடராசர் முன்னால் பிள்ளைகள் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து படம் வரைந்தார்கள்.

தஞ்சையில் எங்களை வரவேற்ற கல்லூரியின் வரலாற்றுத்துறை மாணவர்களும் எல்லா இடங்களுக்கும் உடன் வந்தார்கள். முதல் நாள், ஓய்வுபெற்ற கல்வெட்டாய்வாளர் ஒருவரின் விரிவுரை. பேச்சு அரை மணி நேரந்தான். பிறகு வளாகத்தில் கிடந்த உடைந்த கல் ஒன்றைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொன்னார். ஈரத்தாளை அதன்மேல் விரித்து, பிரஷால் அடித்துக்கொண்டே வந்தார். தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கியது. மையில் தோய்த்த துணிப்பந்தால் மேலே ஒற்றியதும் கறுப்பில் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழுந்து வந்தன. ஒரு மாணவனின் சட்டையில் ஒட்டிய மை டர்பன்வரை வந்தது. அவன் தாயார் என்னிடம் நேரில் முறையிட்டுவிட்டார்.

மறுநாள் காலை, தளக்கல் சுடத் தொடங்குமுன் பெரிய கோயிலுக்குப் போனோம். விமானத்தின் உயரத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நாங்கள் பார்க்கப் போனது கல்வெட்டை. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்னவன் ராஜராஜன். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிப்பெண்களின், பட்டியலும் அங்கே இருக்கிறது. இன்ன சிறகில் (தெருவரிசையில்) இத்தனையாவது வீடு, இன்ன ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவள், பெயர், பங்கு ஒன்று. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பெயர்கள் எல்லாம் 'நக்கன்' என்றே தொடங்குகின்றன. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, எழுத்தின் வடிவமும் வேறு. தமிழ்வழியில் படித்த கல்லூரிப் பிள்ளைகளே திணறினார்கள். அந்த 'நக்கன்' எங்கெங்கே வருகிறது என்று விரலால் தொடாமல் முதலில் காட்டியது நம் ஜூலு மாணவி. வகுப்புக்கு வராத மூவரும் அந்த நேரத்தில் நந்தியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நம் மாணவி ஒருவர் தன் பாட்டனாரின் பாட்டனார் பெயர் உள்ள கப்பல் பட்டியலின் நகலை எடுத்து வந்திருந்தார். எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம். 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரையும் அப்படித்தான் பதிந்தார்கள். "இங்கே பங்கு எழுதியிருக்கிறார்கள், எங்களுக்குத் தழும்பு எழுதினார்கள்" என்றார் அவர். கல்வெட்டாய்வாளர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. அந்த 400 பேரில் எத்தனை பேர் விரும்பி வந்தார்கள் என்பது கல்லில் இல்லை என்றும், பட்டியல் என்றால் அதை எழுதச் சொன்னவர் யார் என்பதை முதலில் கேளுங்கள் என்றும் சொன்னார். மூன்று வாரத்தில் கேட்ட விரிவுரைகளில் என் மனத்தில் நிற்பது இந்த ஐந்து நிமிடப் பேச்சுத்தான்.

கீழடி அருங்காட்சியகத்துக்கும் தரங்கம்பாடிக்கும் போனோம். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைவிட அதன் எதிரே இருந்த கடல்தான் பிள்ளைகளை இழுத்தது. பக்கத்தில் தில்லையாடி. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து, மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் ஜோகன்னஸ்பர்க்கிலேயே இறந்த வள்ளியம்மையின் நினைவு மண்டபம் அங்கே இருக்கிறது. மாரிட்ஸ்பர்க் நமக்கு ஒரு மணி நேரப் பயணம். எங்கள் 11 பேரில் எட்டுப் பேர் அவள் பெயரை முதன்முதலாகக் கேட்டது தில்லையாடியில். இது நம் சங்கத்துக்கு வெட்கம், எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

பட்டியல் நகலோடு வந்த மாணவியை அவர் குடும்பத்தின் ஊருக்கும் அழைத்துப் போனோம். வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா என்று எழுதியிருந்தது. அந்த ஜில்லா இன்று இல்லை, பல மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டது. ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்ததால் மூன்று ஊர்கள் பொருந்தின. மூன்றுக்கும் போனோம். எங்கும் யாருக்கும் எதுவும் நினைவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. தஞ்சைக் கல்லூரியில் அந்தப் பெண் தன் பாட்டியை 'ஆயா' என்று சொன்னபோதெல்லாம் அங்குள்ள மாணவிகள் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் அம்மாள். போளூர்ப் பக்கத்தில் திண்ணையில் இருந்த கிழவியிடம் "ஆயா, தண்ணீர் கிடைக்குமா" என்று இவர் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கிழவியின் பேரப்பிள்ளைகளும் அவரை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பயணத்துக்குச் செயற்குழு ஒரு விதியை முன்வைக்கிறது. எழுத்து வகுப்பை முடிக்காதவருக்கு விமான டிக்கெட் இல்லை, அவர் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. காப்பகத்துக்கான அனுமதிக் கடிதம் இம்முறை ஜனவரியிலேயே போய்விட்டது. தில்லையாடிக்குப் போகுமுன் மாரிட்ஸ்பர்க்குக்கு ஒருநாள் பயணம் உண்டு.

வகுப்பு மீண்டும் மார்ச் மாதம் முதல் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்குகிறது. நடக்கும் இடம் அந்த ஒழுகும் பின்னறை என்பதை, பொருளாளர் கணக்கு வாசிக்க எழுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்