கருவி வந்துவிட்டது, பார்க்க ஆள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சையின்போது நரம்புகளைக் கண்காணிக்கும் கருவிகளுக்குத் தேவை கூடிவருகிறது என்று உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். கோவையில் அந்தக் கருவிக்கு முன்னால் உட்காரும் தொழில்நுட்பர் நான். ஆபரேஷன் தியேட்டரில் எங்களுக்கு 'வயர் போடுறவங்க' என்றுதான் பெயர். செய்தி உண்மைதான். முன்பு முதுகுத்தண்டு, மூளை ஆபரேஷன்களுக்குத்தான் கூப்பிடுவார்கள். இப்போது தைராய்டுக்கும் காதோரக் கட்டிக்கும்கூடக் கூப்பிடுகிறார்கள். நோயாளியின் வீட்டாரே "அந்த மெஷின் இங்க இருக்கா?" என்று விசாரிக்கிறார்கள்.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. தைராய்டுக்குப் பின்னால் மூச்சுக்குழாயை ஒட்டி ஏறும் மெல்லிய நரம்புதான் குரல்நாணை அசைக்கிறது. ஒரு பக்கம் அடிபட்டால் குரல் கம்மிப்போகும். இரண்டு பக்கமும் போனால் மூச்சுக்கே ஆபத்து. மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்காகத் தொண்டை வழியே போடும் ட்யூபிலேயே மின்முனைகள் இருக்கும், அவை குரல்நாணைத் தொட்டுக்கொண்டிருக்கும். சர்ஜன் 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தோடு நரம்பைத் தொட்டால் திரையில் அலை எழும், சத்தமும் வரும். முதல் பக்கம் முடிக்கும்போதே அலை போய்விட்டால், மறுபக்கத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கலாம். என்னைக் கேட்டால் இதன் பெரிய பலனே இதுதான்.

ஆனால் அலை வரவில்லை என்றாலே நரம்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. ட்யூப் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். தசையைத் தளர்த்தும் மருந்தின் வேகம் இன்னும் இறங்காமல் இருக்கலாம். அப்போது நரம்பு நன்றாக இருந்தாலும் திரையில் ஒன்றும் வராது. அதனால்தான் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவைக்கிறோம்.

முதுகெலும்பு வளைவை நிமிர்த்தும் ஆபரேஷனில் ஒரு காலத்தில் பாதியில் மயக்கத்தைக் குறைத்து, "காலை அசை" என்று சொல்லிப் பார்ப்பார்கள். 1973இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் எழுதி வெளியிட்ட முறை அது. இன்று தலையில் மின்தூண்டல் கொடுத்து, கை, கால் தசைகளில் பதில் வருகிறதா என்று பார்க்கிறோம். அப்படி ஒரு பள்ளி மாணவிக்கு, முதுகில் கம்பி பொருத்தும் முன்பே, இடது கையின் அலை பாதிக்கும் கீழே இறங்கியது. வேலை நடப்பது முதுகில், கையில் ஏன்? குப்புறப் படுக்கவைத்ததில் கை மேலே இழுபட்டிருந்தது. துணிக்கு அடியில் கையை விட்டு, தோளைத் தளர்த்தி, முழங்கையைக் கொஞ்சம் கீழே இறக்கினோம். சில நிமிடங்களில் அலை திரும்பியது. திரை காட்டியது ஒரு எண் குறைந்ததை மட்டும்தான், காரணத்தை அல்ல.

அந்த எண்ணைப் படிக்க ஆள் வேண்டாமா? கருவி வாங்குகிறார்கள், அதற்கென்று ஒரு பணியிடம் போடுவதில்லை. சில இடங்களில் விற்ற கம்பெனியின் ஆளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அவர் வராத நாளில் தியேட்டரில் அப்போது வேறு வேலை இல்லாதவர் யாரோ ஸ்விட்சைப் போடுகிறார். பில் மட்டும் குறையாது. ட்யூபும் ஊசி மின்முனைகளும் ஒருமுறைதான் பயன்படும் பாருங்கள்.

எல்லோருக்கும் இது வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். நரம்பைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இன்றும் அடிப்படை. முதல்முறை செய்யும் சாதாரண தைராய்டு ஆபரேஷனில் கருவியால் நிரந்தரக் குரல் பாதிப்பு குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. மறுபடி திறக்கும் கழுத்து, புற்றுநோய், இப்படிப்பட்ட சிக்கலான இடங்களில்தான் கூடுதல் உதவி.

அரசு மருத்துவமனைக்குக் கருவி வாங்க ஒப்புதல் தரும்போதே, பயிற்சி பெற்ற ஒருவருக்கான பணியிடத்துக்கும் சேர்த்து ஒப்புதல் தர வேண்டும். நோயாளியின் வீட்டார் "மெஷின் இருக்கா?" என்பதோடு "அதை யார் பார்ப்பாங்க?" என்றும் கேட்கலாம். உங்கள் நிருபரும் அடுத்த முறை சந்தை மதிப்பை எழுதும்போது அதையே கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
அறுவை அரங்கத் தொழில்நுட்பர் ஒருவர்,
கோயம்புத்தூர்