மீன்பாசி ஏல அறிவிப்பு எழுதும் முன்: தென்மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்ட ஆட்சியர்கள், ஊராட்சிகள் உதவி இயக்குநர்கள், நீர்வளத் துறை, மீன்வளத் துறை அலுவலர்கள்.

ஐயா, அம்மா, வணக்கம்.

பசலி என்னும் வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு ஜூலை 1-இல் பிறக்கிறது. அதையொட்டிக் கண்மாய் மீன்பாசி, அதாவது மீன்பிடி உரிமை, ஏல அறிவிப்புகள் வரத் தொடங்கும். போன வருட அறிவிப்பில் பசலி எண்ணையும் தேதியையும் மட்டும் மாற்றி ஒட்டிவிடாதீர்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல். எழுதுகிற நாங்கள் கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ளவர்கள், வலை இழுப்பவர்கள், ஊத்தா என்னும் அடி திறந்த கூடையால் மீன் பிடிப்பவர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். ஏலமே கூடாது என்பது எங்கள் வாதம் அல்ல. கரையில் உடைப்பு எடுத்தால் மண் அடிக்கப் பணம் வேண்டும். மடைப் பலகை மாற்ற, மிகுநீர் வழியும் கலிங்கைப் பூச, வயலுக்கு நீர் பங்கிடும் நீர்பாய்ச்சிக்குக் கூலி கொடுக்க எல்லாவற்றுக்கும் வேண்டும். கண்மாய் தானே ஈட்டித் தருகிற பணம் என்று பார்த்தால் மீனும் கருவேல மரமும்தான். எங்கள் சண்டை ஏலத்தில் எதை விற்கிறோம், யாருக்கு எதை மிச்சம் வைக்கிறோம், வந்த பணம் எங்கே போகிறது என்ற மூன்றைப் பற்றியது.

இன்றைய அறிவிப்புகளில் பெரும்பாலானவை 'கண்மாயின் மீன்பாசி உரிமை' என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் விற்றுவிடுகின்றன. குத்தகைதாரர் காசு போட்டு வாங்கி விட்ட கட்லாவும் ரோகுவும் மிர்காலும் அந்த வரிக்குள் வருகின்றன. யாரும் விடாமல் மழைத் தண்ணீரோடு ஏறி வந்த விரால், குறவை, கெளுத்தி, அயிரை, ஆரா, உளுவையும் அதே வரிக்குள் போய்விடுகின்றன. அப்புறம் கரையில் தூண்டில் போட்ட பையனைக் காவலாள் விரட்டுகிறார். அந்த ஊருக்கு அந்தக் கண்மாய் இருந்தும் மீன் சந்தையில்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

இதே சிக்கல் வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளிலும் இருக்கிறது. அவர்கள் கண்ட வழிகளில் இரண்டைப் பார்க்கலாம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் பெருங்கொம்பு மலையாட்டை வேட்டையாட ஆண்டுக்கு ஒரே ஓர் அனுமதியை ஏலம் விடுகிறது. 2013-இல் அது 4,80,000 டாலருக்குப் போனது. அந்தப் பணம் மலையாட்டுப் பராமரிப்புக்கே போகும்படி சட்டத்திலேயே வகை செய்திருக்கிறார்கள். மற்ற அனுமதிகளில் பெரும்பாலானவை குலுக்கலில் போகின்றன. அதில் பணக்காரனும் ஏழையும் ஒரே பெட்டியில்தான் சீட்டுப் போட வேண்டும். பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் மார்க்கோர் காட்டாட்டுக்கான அனுமதித் தொகையில் 80 விழுக்காடு அந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்கு, 20 விழுக்காடு அரசுக்கு என்று ஏற்பாடு. ஒரு சிறு பங்கை நல்ல விலைக்கு விற்று, பெரும்பங்கை உள்ளூராருக்கு வைத்து, பணத்தை அந்த இடத்துக்கே திருப்புவது என்பதை அங்கே விவாதித்து, சண்டை போட்டு, எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் முழுவதையும் விற்கிறோம், பணமும் திரும்பி வருவதில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம்.

ஜூலையில் எங்கள் பகுதிக் கண்மாய்களில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகையில்தான் பெருகும். நவம்பரில் குஞ்சு விட்டால் ஜூன் 30-க்குள் பிடித்து முடிக்க வேண்டும். தண்ணீரோ பங்குனி சித்திரைக்கு மேல் நிற்பது சந்தேகம். ஆக, பன்னிரண்டு மாதத்துக்குக் காசு கட்டியவருக்குக் கிடைப்பது ஐந்தாறு மாத நீர். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. இந்தப் பயத்தில்தான் கேள்வித் தொகை குறைகிறது, எடுத்தவரும் அவசரப்படுகிறார். ஏலத்தை ஜூலையில் நடத்தினாலும், டேவணித் தொகையை (முன்வைப்புத் தொகையை) மட்டும் அப்போது வாங்கிக்கொண்டு, மீதியைக் கண்மாயில் பாதி நீர் சேர்ந்த பிறகு கட்டச் சொல்லுங்கள். நீர் சேராவிட்டால் டேவணி அடுத்த பருவத்துக்கு நகரட்டும். இந்த ஒரு மாற்றத்தால் கேட்பவர் எண்ணிக்கை கூடும்.

அவசரத்தின் விளைவு மடையில் தெரியும். மீனைப் பிடிக்கக் குத்தகைதாரர் ஏன் தண்ணீரைத் திறந்துவிடுகிறார் என்று கேட்டால் பேராசை என்று சொல்லிவிடுவது எளிது. காரணம் பெரும்பாலும் கண்மாயின் அடியில் கிடக்கிறது. சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டு வெட்டிய கருவேல மரங்களின் அடிக்கட்டைகள், தானாக முளைத்த சீமைக்கருவேல், நெய்வேலிக் காட்டாமணக்கு எல்லாம் இழுவலையைக் கிழித்துவிடும். வண்டல் எடுக்க அனுமதி வாங்கியவர்கள் சீராக அள்ளாமல் ஆளுக்கொரு இடத்தில் ஆளுயரத்துக்குத் தோண்டிய குழிகளில் மீன் போய் ஒதுங்கிவிடும். அதன் மேல் வலை நகராது. வலை போகாத இடத்தில் மீனை எடுக்க அவருக்குத் தெரிந்த வழி நீரை வடிப்பதுதான். இரவில் மடை திறக்கும், மோட்டார் ஓடும். கடைசித் தண்ணீருக்குக் காத்திருந்த நெல் பால் பிடிக்கும் நேரத்தில் காயும்.

அதற்கு வழி, ஆடி ஆவணியில் கண்மாய் காய்ந்து கிடக்கும்போதே ஓர் இழுப்புத் தடம் ஒதுக்குவது. கரைக்கு இணையாக, ஆழமான பகுதியை ஒட்டி முப்பது மீட்டர் அகலத்துக்குக் கட்டைகளை வேரோடு எடுத்து, குழிகளின் விளிம்பைச் சரித்து மட்டப்படுத்திவிட்டால் இடுப்பளவு நீரிலேயே இழுவலை ஓடும். வண்டல் அனுமதிச் சீட்டிலேயே இந்தத் தடத்தை வரைந்து, இங்கிருந்துதான் அள்ள வேண்டும், இவ்வளவு ஆழத்துக்குத்தான் அள்ள வேண்டும் என்று எழுதிவிட்டால் அரசுக்குத் தனிச் செலவே இல்லை. மற்ற இடங்களுக்கு நான்கு அங்குலக் கண்ணுள்ள செவுள் வலை போதும். சிறு நாட்டுமீன் அதில் தப்பிவிடும். அதன் பிறகும் மடையைத் தொட்டால் டேவணி பறிமுதல் என்று நிபந்தனை வைப்பதில் நியாயம் இருக்கும். மடை அருகே ஓர் அளவுகல் நட்டு, ஆடு மாடு குடிக்க இந்தக் கோட்டுக்குக் கீழே நீர் இறங்கக் கூடாது என்று சிவப்பு வண்ணம் அடியுங்கள். கோடு இல்லாத நிபந்தனையை எந்தக் கிராம நிர்வாக அலுவலராலும் நிரூபிக்க முடியாது.

கலிங்கில் மூங்கில் தட்டியும் வலையும் கட்டுவது தனிக் குற்றமாகவே இருக்க வேண்டும். மறுகால் பாயும்போது மீன் போய்விடாமல் இருக்கக் கட்டுகிறார்கள். செத்தையும் தாமரைக் கொடியும் வந்து அடைத்து நீர் மட்டம் ஏறுகிறது, கரை எங்கே பலவீனமோ அங்கே உடைகிறது. அரையடி ஏறினாலே போதும். கோழிக் கழிவு கொட்டுவது, தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடுவது, பறவைகளை விரட்ட வெடி போடுவது ஆகியவற்றைப் பற்றி அறிவிப்பில் ஒரு வரி போதும், அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

அடிப்படை விலைக்கு வருவோம். சென்ற குத்தகைத் தொகையை வைத்துக் கூட்டிப்போடும் பழக்கம் தங்களுக்குள் பேசிவைத்து ஏலம் கேட்பவர்களுக்கு வசதி. ஒரு தடவை பேசிவைத்துத் தாழ்த்திவிட்டால் பல வருடத்துக்குத் தாழ்ந்தே இருக்கும். நீர்ப்பரப்பை வைத்துக் கணக்குப் போடுங்கள். உதாரணமாக 20 எக்டேர் நீர்ப்பரப்பு. எக்டேருக்கு 2,000 விரலளவுக் குஞ்சு, அதாவது 40,000. கட்லா, ரோகு, மிர்கால் நாலுக்கு மூன்றுக்கு மூன்று. பாதி தேறினால் 20,000. சராசரி அரைக் கிலோ என்றால் 10 டன். கரை விலை கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் 10 லட்சம். குஞ்சு இரண்டு ரூபாய் வீதம் 80,000, வலைக்காரர் பங்கு மூன்றில் ஒன்றாக 3.33 லட்சம், இரண்டு காவலாளுக்கு ஐந்து மாதம் ஒரு லட்சம். மிச்சம் ஏறத்தாழ 4.87 லட்சம். மழை, நோய், திருட்டு என்ற ஆபத்துக்குப் பாதியைத் தள்ளினாலும் இரண்டேகால், இரண்டரை லட்சம் நியாயமான தொகை. அப்படிப்பட்ட கண்மாய் அறுபதாயிரத்துக்குப் போனால் ஏலம் நடக்கவில்லை, பங்கு பிரித்திருக்கிறார்கள் என்று பொருள். விலைகளை அந்தந்த ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கணக்கை அறிவிப்பிலேயே அச்சிடுங்கள்.

உள்ளூர்க்காரர் உரிமை எங்களுக்கு முக்கியமான இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏலத்தில் விற்பது குத்தகைதாரர் இருப்பு வைத்த வளர்ப்பு மீன் மட்டுமே என்று எழுதுங்கள். தூண்டிலும் கையால் பிடிப்பதும் ஊராட்சியில் குடியிருப்பவருக்குக் கட்டணமின்றித் திறந்திருக்கட்டும். 'குஞ்சையெல்லாம் பிடித்துப் போய்விடுவார்கள்' என்று குத்தகைதாரர் சொல்வார். அதில் உண்மையும் உண்டு. அதனால் குஞ்சு விட்ட முதல் 90 நாளுக்கு எந்த வலையும் கச்சா, ஊத்தா போன்ற கருவியும் வேண்டாம், தூண்டில் மட்டும். தூண்டிலில் அதிகம் சிக்குவது ஜிலேபிக் கெண்டை. அது மூன்று நான்கு மாதத்திலேயே முட்டையை வாயில் வைத்துக் குஞ்சு பொரிக்கத் தொடங்கி, கண்மாயை நிரப்பி, வளர்ப்பு மீனின் தீனியைத் தின்னும். அதைப் பிடித்துக் குறைப்பவரைக் குத்தகைதாரர் விரட்டுவது தன் காலில் தானே கல்லைப் போட்டுக்கொள்வது.

பிடித்து முடிக்க ஒரு கடைசித் தேதி, சித்திரை கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு கண்மாய் அழிப்பு, அதாவது ஊரே இறங்கி மிச்ச மீனைப் பிடிப்பது: ஊத்தா, கச்சா, பரி, அரிவலை என்று எந்தக் கருவியோடும் வரலாம், காசு வாங்கக் கூடாது. சில ஊர்களில் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று குத்தகைதாரரே வசூலிக்கிறார். ஏலத்தில் எடுத்ததை இரண்டாம் தடவை விற்பது அது. அழிப்பிலும் கோளாறு உண்டு என்பதை மறைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி போய் நாலு மாவட்டத்திலிருந்து வண்டி வந்தால் கரை பெயரும், நீர் சேறாகும், மறுநாள் மாடு குடிக்காது. எனவே முதல் இரண்டு மணி நேரம் உள்ளூராருக்கு, பிறகு வெளியூராருக்கு. கரை மேல் வாகனம் கூடாது. மடையை ஒட்டிய ஆழக் குழியில் கால்பங்கைக் கயிறு கட்டித் தனியே விட்டுவிட வேண்டும். தாய் விராலும் குறவையும் அங்கே தங்கி, சேற்றுக்குள் இருந்தாவது அடுத்த மழையைப் பிடிக்கும். அதை விட்டுவைக்காத கண்மாயில் அடுத்த வருடம் நாட்டுமீன் எங்கிருந்து வரும்?

உள்ளூரார் யார் என்பதையும் நீங்கள்தான் எழுத வேண்டும், ஊரிடம் விடாதீர்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரி கட்டுகிறவர்தான் ஊர் என்று வைத்தால் பல இடங்களில் காலனிக் குடும்பங்கள் வெளியே நிற்கும். பெண் தலைமையில் உள்ள வீடுகளும் விடுபடும். சில ஊர்களில் அரசு ஏலத்தை ஒருவர் பெயரில் குறைந்த தொகைக்கு எடுத்து, பிறகு ஊர் மந்தையில் தங்களுக்குள் உள் ஏலம் விட்டு, வித்தியாசத்தைப் பொதுக் கணக்கில் சேர்க்கிறார்கள். கோயில் திருப்பணிக்குப் போகிறது என்று சொல்வார்கள், போகலாம். ஆனால் அந்தக் கோயிலுக்குள் எல்லாரும் போக முடிகிறதா என்பதையும், அந்த உள் ஏலத்தில் எல்லாரும் கேட்க முடிகிறதா என்பதையும் பார்க்காமல் 'ஊர் உரிமை' என்று நாங்கள் கொடி பிடிக்க மாட்டோம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது, அல்லது அந்த முகவரியில் குடும்ப அட்டை இருப்பது. இது போதும்.

பணம். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 எக்டேருக்கு மேலுள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. எந்தப் பக்கம் இருந்தாலும் ஏலத் தொகை பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் எந்தக் கண்மாய் எவ்வளவு சம்பாதித்தது என்பதே தெரியாமல் போகிறது. 2017-இல் குடிமராமத்து, அதாவது பாசனதாரரே சேர்ந்து நீர்நிலையைச் செப்பனிடும் திட்டம், மீண்டும் தொடங்கியபோது வேலை மதிப்பில் 10 விழுக்காட்டைப் பாசனதாரர் தர வேண்டும் என்று இருந்தது. அந்தக் கண்மாயின் மீன் பணம் அதன் பெயரிலேயே சேர்ந்திருந்தால் அந்தப் பத்து விழுக்காட்டுக்குக் கைமாற்று வாங்கியிருக்க வேண்டாம், ஒப்பந்ததாரர் தன் கையிலிருந்து கட்டிவிட்டு வேலையில் பிடித்துக்கொள்ளவும் இடம் இருந்திருக்காது. கண்மாய்க்கு ஒரு துணைக் கணக்கு திறந்து, தொகையில் பாதி அதே கண்மாயின் கரை, மடை, கலிங்கு, வரத்துக்கால் வேலைக்கு, கால் பங்கு நீர்பாய்ச்சி கூலிக்கு, கால் பங்கு ஊராட்சிப் பொதுச் செலவுக்கு என்று பிரிக்கலாம். விகிதத்தில் பேரம் பேசத் தயார். தனிக் கணக்கில் இல்லை.

இதற்குப் புதிய குழுவோ புதிய சட்டமோ தேவையில்லை. கிராம சபை நாட்களே பொருந்தி வருகின்றன. மே 1 கூட்டத்தில் நடப்புக் குத்தகையின் அதுவரையான வரவு செலவை வாசித்து, வரப்போகும் ஏல அறிவிப்பின் வரைவையும் வைக்கலாம். அக்டோபர் 2 மழைக்குச் சற்று முன். இழுப்புத் தடம் போட்டாயிற்றா, அளவுகல் நட்டாயிற்றா என்று அன்று கேட்டுவிடலாம். ஜனவரி 26-இல் எத்தனை குஞ்சு, எந்த இனம், எங்கே வாங்கியது என்ற ரசீதை வைக்கச் சொல்லலாம்.

வரும் பசலிக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் பத்துக் கண்மாயில், சிறியதும் பெரியதுமாக, இந்த முறையில் அறிவிப்பு வெளியிட்டுப் பாருங்கள். எந்தப் பத்து என்பதை நீங்கள் தேர்ந்தெடுங்கள். இழுப்புத் தடத்தின் இடத்தைக் காட்டவும், நீர்ப்பரப்பை அளக்கும்போது சங்கிலி பிடிக்கவும் வலைக்காரர்களும் பாசனதாரர்களும் வருகிறோம். அறிவிப்பின் வரைவை ஏலத்துக்குப் பதினைந்து நாள் முன்னதாக ஊராட்சி அலுவலகச் சுவரிலும் கலிங்குச் சுவரிலும் ஒட்டிவிட்டால், திருத்தம் ஏதும் இருந்தால் எழுத்தில் தருவோம்.

இப்படிக்கு,
தென்மாவட்டக் கண்மாய்ப் பாசனதாரர்களும் உள்நாட்டு மீன்பிடிப்போரும்