வசந்திக்கு, அந்தக் காப்ஸ்யூல் பற்றி

அன்புள்ள வசந்தி,

நலம், நலமறிய ஆவல். ராதாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, பெரியவன் தேர்வு எழுதி முடித்துவிட்டான், மற்றதெல்லாம் அப்புறம். இப்போது சொல்ல வேண்டியது வேறு, மாவுச்சத்தைத் தடுக்கும் என்று விற்கிறார்களே, வாங்கலாமா என்று நீ கேட்ட அந்தக் காப்ஸ்யூல் பற்றி.

போன வாரம் ராத்திரி சேகர் அண்ணனுக்குச் சுகர் இறங்கிவிட்டது. பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறார், வழக்கம்போல எல்லோருக்கும் உபதேசம் செய்யவும் தொடங்கிவிட்டார். ஆனால் அன்று பனியன் தொப்பலாக நனைந்து, கை நடுங்க, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீட்டரில் 54. அண்ணி பதறிப்போய் பிஸ்கட்டை நீட்டினார். நான் அதை வாங்கி வைத்துவிட்டு, குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 80-ஐத் தாண்டியிருந்தது. உயிர் வந்தது.

அப்புறம்தான் மேசை இழுப்பறையில் அந்த டப்பா அகப்பட்டது. நீ வாங்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தாயே, அதே ‘கார்ப் பிளாக்கர்’. வெள்ளை ராஜ்மா சாறு. சுகரைக் குறைக்க டாக்டர் எழுதிக்கொடுத்த கிளிமிபிரைடு மாத்திரையோடு சேர்த்து யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதனால்தான் இறங்கியது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. அன்று இரவு அண்ணன் குறைவாகத்தான் சாப்பிட்டிருந்தார், அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார். ஆனால் தன்னிடம் சொல்லாமல் இந்த இரண்டையும் சேர்த்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அண்ணன் மறுபேச்சுப் பேசாததை அன்றுதான் பார்த்தேன்.

அன்றிலிருந்து இதைத்தான் தேடித் தேடிப் படிக்கிறேன். மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் என்ற நொதி எச்சிலிலும் கணைய நீரிலும் இருக்கிறது, இல்லையா? அதைப் பிடித்து முடக்குகிற ஒரு புரதம் அந்த விதையில் இருக்கிறது. 1975-இல் அதைப் பிரித்தெடுத்து ‘ஃபேசியோலமின்’ என்று பெயர் வைத்தார்கள். மாவு உடையாவிட்டால் குளுக்கோஸ் மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும், சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் தணியும். உடையாத மாவு பெருங்குடலுக்குப் போய் அங்கே புளிக்கும். வாயு, வயிற்று உப்புசம், சில பேருக்குப் பேதி எல்லாம் அதனால்தான்.

யோசனை பொய்யில்லை, வசந்தி. ஆனால் மாத்திரைக்குள் எவ்வளவு வேலை செய்கிற சரக்கு இருக்கிறது என்பதில்தான் சிக்கல். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இது அமோகமாக விற்றது. 1982-இல் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இது அனுமதி பெறாத மருந்து என்று சொல்லி விற்பனையை நிறுத்தச் சொன்னது. அதே வருடம் டெக்ஸஸில் மாவுச்சத்து நிறைந்த சாப்பாட்டோடு இதைக் கொடுத்து, கழிவில் போன கலோரியை அளந்தார்கள். மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே அளவு! ஆனால் சில வருடத்தில் அமெரிக்காவிலேயே மேயோ கிளினிக் என்ற மருத்துவமனையில் நன்றாகச் சுத்திகரித்த, வீரியம் கூடிய சாறு கொடுத்தபோது குடலில் அமைலேஸ் அடங்கியது, சர்க்கரை நோயாளிகளுக்கும் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் குறைந்தது. எனவே ஒரு டப்பா சரக்கு வேலை செய்யும், இன்னொன்று வெறும் பொடியாக இருக்கும். விற்பதற்கு முன் பலனை நிரூபித்துக்காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இந்த மாதிரிச் சத்து மாத்திரைகளுக்கு அமெரிக்காவில் இன்றும் கிடையாது. டாக்டர் எழுதித்தருகிற மருந்துகளை அப்படியா விற்கவிடுகிறார்கள்? இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொன்று, இது மாவுச்சத்தை மட்டும்தான் தொடும். சர்க்கரை, தேன், பழச்சாறு எதையும் தடுக்காது. சுகர் இறங்கும்போது குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோதான் கொடுக்க வேண்டும், மாவில் செய்த பிஸ்கட்டை நம்பக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீ இதைப் படித்துவிட்டு, காப்ஸ்யூல் எதற்கு, விதையையே ஊறவைத்து அரைத்துக் குடித்தால் போச்சு என்று கிளம்புவாய். உன்னை எனக்குத் தெரியாதா? தயவுசெய்து வேண்டாம்டி! வேகாத ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. நான்கைந்து விதை போதும், வாந்தியில் படுத்துவிடுவாய். நன்றாகக் கொதிக்க வைத்தால் அது அழியும், அமைலேஸைத் தடுக்கிற புரதமும் அதோடு சேர்ந்து போய்விடும்.

போனால் போகட்டும். வேகவைத்த பயறுக்கே தனிப் பலன் உண்டு. 2012-இல் டொராண்டோவின் ஜென்கின்ஸ் குழு, டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 121 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. தினம் ஒரு கோப்பைப் பயறு வகை சாப்பிட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது சில மாதங்களின் சராசரி சுகரைக் காட்டுகிற அளவு, 0.5 சதவீதப் புள்ளி குறைந்தது, முழுக்கோதுமை சாப்பிட்டவர்களுக்கு 0.3. பெரிய வித்தியாசமில்லைதான். ஆனாலும் எனக்கு டப்பாவைவிட இதில்தான் நம்பிக்கை.

உனக்கும் கிளிமிபிரைடு ஓடுகிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். காப்ஸ்யூல் வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதே, குறைக்கவும் செய்யாதே. ஆசை விடவில்லையென்றால் டப்பாவையும் சுகர் எழுதி வைக்கிற நோட்டையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு. மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். படுக்கைப் பக்கத்தில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும், எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வை. டாக்டர் என்ன சொன்னார் என்று மறுநாளே எனக்கு எழுது.

அன்புடன்,
மல்லிகா