செவிலியரிடம் காட்ட ஒரு சீட்டு கொடுங்கள்

மதுரையில் எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

மேலூர்ப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆறாம் மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க, வழக்கம்போல் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். நகரத்தில் இரைப்பை பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் அறுவை, செய்துகொண்டதை அப்போதுதான் என் காதோடு சொன்னாள். மாமியார் வீட்டுக்குத் தெரியாதாம். அறுவை முடிந்து எட்டே மாதத்தில் கரு தங்கியிருக்கிறது. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

சர்க்கரை நீர் சட்டென்று குடலில் இறங்கினால் இப்படி ஆகும் என்பதைப் பிறகுதான் படித்தேன். அவளுக்கு அந்தச் சோதனையே வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம் விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்த்திருக்கலாம்.

இந்தச் சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை. கனடாவின் கியூபெக்கில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். அறுவைக்குப் பின் பிறந்தவர்களிடம், முன் பிறந்தவர்களைவிட உடல் பருமன் குறைவு. இன்சுலினும் நன்றாக வேலை செய்தது. 2015இல் வெளிவந்த சுவீடன் ஆய்வில், அதே அளவு பருமன் இருந்தும் அறுவை செய்துகொள்ளாத தாய்மாரில் 6.8 சதவீதம் பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வந்தது; அறுவை செய்துகொண்டவர்களில் 1.9 சதவீதம்தான். ஆனால் வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகள் 7.6இலிருந்து 15.6 சதவீதமாகக் கூடின. என் கவலை அந்த இரட்டிப்பில்தான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. நாங்கள் வீடு வீடாகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் (ஃபோலேட் சத்து) உண்டு, வைட்டமின் பி12 இல்லை. பைபாஸ் செய்த வயிறோ பி12ஐச் சரியாக உறிஞ்சாது. பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆறு வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை, அதிகமாக இருந்ததைப் புனே ஆய்வு காட்டியது. அந்தத் தாய்மார் அறுவை செய்துகொண்டவர்கள் அல்லர். ஆனாலும் அதே பற்றாக்குறையை நம் கையாலேயே உண்டாக்கிவிட்டு, மேலே ஃபோலிக் மாத்திரையையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோமே!

ஆகவே கேட்கிறேன். பிள்ளை பெறும் வயதுப் பெண் என்றால் குறைந்தது 12 முதல் 18 மாதம் காத்திருக்கச் சொல்லுங்கள். கருத்தடை முறையையும் அப்போதே பேசிவிடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்: என்ன அறுவை, என்று செய்தது, குளுக்கோஸ் கொடுக்கக் கூடாது, பி12 பார்க்க வேண்டும். தாய் சேய் நல அட்டையை வீடே புரட்டிப் பார்க்கும். எனவே அது தனிச் சீட்டாக இருக்கட்டும். செவிலியரிடம் மட்டும் காட்டினால் போதும் என்று அவளிடம் சொல்லுங்கள். நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம்.