மாலுக்கு முன்பு முற்றம் இருந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க மால்கள் பற்றிய ஞாயிறு கட்டுரை, 1956-இல் மினசோட்டாவில் திறந்த சவுத்டேல் மாலிலிருந்து கதையைத் தொடங்குகிறது. கூரையும் குளிரூட்டலும் கொண்ட அதை வடிவமைத்த விக்டர் குரூவன், 1954-லேயே டெட்ராய்ட் புறநகரில் நார்த்லேண்டைக் கட்டிவிட்டார். அது திறந்தவெளி அங்காடி. நடுவில் ஹட்சன்ஸ் பேரங்காடி. அதைச் சுற்றித் தாழ்வான கடை வரிசைகள், இடையிடையே முற்றங்கள், தூண் தாங்கிய நடைபாதைகள், மரங்கள், சிற்பங்கள். சரக்கு லாரிகள் நிலத்தடிச் சுரங்கப்பாதையில் வந்துபோனதால் மேலே நடப்பவர்களுக்குத் தொல்லையில்லை. குரூவன் வியன்னாக்காரர், 1938-இல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். அந்த முற்றங்களில் எனக்குத் தெரிவது வியன்னாவின் சதுக்கங்கள்தான்.

குறை இல்லாமல் இல்லை. சுற்றிலும் கார் நிறுத்துமிடம், அதுவும் கடல்போல! கடைகளைவிட அதுதான் பெரிது.

1970-களில் நார்த்லேண்டுக்கும் கூரை போட்டார்கள். 2015-இல் மூடிவிட்டார்கள். பிற்காலத்தில் குரூவனே மால்களைக் கடுமையாகச் சாடினார். கட்டுரையாளர் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

- ஒரு வாசகர், திருச்சி